காயாத தரை

என் அண்ணிக்குக் கோபம் வந்தால் வாளியை எடுப்பாள். சந்தோஷம் வந்தாலும் வாளிதான். பயம் வந்தால் இரண்டு வாளி. போன மழைக்காலம் முழுக்க அந்த வீட்டில் இரண்டு வாளிகளும் ஓய்ந்து நான் பார்க்கவில்லை.

நான் அவளுக்கு நாத்தனார். நாத்தனார் என்றால் குறை சொல்லவே பிறந்தவள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பொய்யாக்க நான் பெரிதாக முயற்சி எடுத்ததில்லை. ஆனால் இங்கே சொல்லப்போவது குறை இல்லை. எங்கள் மிளகு மூச்சுக்குத் தவித்த அந்த மூன்று மாதத்தில் அண்ணி என்ன செய்தாள், எதற்காகச் செய்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். தெருவில் ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மிளகு என்பது அண்ணனின் ஒரே மகள். ஏழு வயது. ஆள் சின்னது, காரம் பெரிது, அதனால் அந்தப் பெயர். அண்ணன் பஸ் ஓட்டுகிறான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பவன். அண்ணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரைத் துடைக்கும் வேலையில் இருக்கிறாள். பதினோரு வருஷம். ஒரு வாளியில் மருந்துத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். உள்மூலையில் ஆரம்பித்து, மாப்பை வளைத்து வளைத்து இழுத்தபடி பின்னால் நடந்து கதவுக்கு வருவாள். தன் கால்தடம்கூடத் தரையில் இருக்காது. அவள் லீவு போட்டால் தியேட்டர் நர்ஸ் போன் பண்ணி, "எப்ப வருவீங்கக்கா?" என்று கெஞ்சுவாள்.

அந்த வேலையில் அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. "தரையில ஈரம் நின்னாத்தான் கிருமி சாகும். உடனே காஞ்சா அது சுத்தம் இல்ல, வேஷம்," என்பாள். என் வீட்டுக்கு வந்தால் தரையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் மூன்றாவது மாடியில் மொட்டைமாடி அறையில் இருக்கிறேன். மேலே தகரக் கூரை, நாலு பக்கம் ஜன்னல், நடுவில் தையல் மெஷின். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். நூலும் துணிப்பிசிறும் எப்போதும் தரையில் கிடக்கும். பெருக்க நினைக்கும்போது யாராவது அவசரமாகச் சட்டை கேட்டு வந்துவிடுவார்கள்.

"உன் வீட்டுல கோழி வளர்க்கலாம்டி," என்பாள் அண்ணி.

"முட்டை போட்டா உங்களுக்குத்தான் முதல்ல அண்ணி," என்பேன்.

அவர்கள் வீடு இரண்டு தெரு தள்ளி. தரைத்தளம், இரண்டு அறை, ஒரு சமையலறை. மழைக்காலத்தில் அந்தத் தெருவில் உப்பு ஜாடியில் தண்ணீர் கோர்க்கும், தீப்பெட்டி நமத்துப்போகும், கதவு ஊதி நிலையில் சிக்கிக்கொள்ளும். போன வருஷம் மழை தொடங்கிய மூன்றாவது வாரத்தில்தான் மிளகுக்கு முதலில் இழுத்தது. விடிகாலையில் நெஞ்சுக்குள் 'கீ... கீ...' என்று பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். சளி என்று நினைத்தார்கள். பத்து நாளில் மூன்று தடவை வந்ததும் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். "அலர்ஜி. வீட்டைச் சுத்தமா வச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்துவிட்டார்.

யாரைப் பார்த்து யார் சொன்ன சொல்! அண்ணி அன்றைக்குச் சாப்பிடவில்லை. வந்ததும் திரையைக் கழற்றினாள், மெத்தை உறையை உருவினாள், வாளியை எடுத்தாள். அது வரை காலையில் ஒரு தடவை துடைத்தவள், அன்றிலிருந்து வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, சாப்பிட்டதும் ஒரு தடவை என்று ஆரம்பித்தாள். தெருத்தூசி வரக்கூடாது என்று ஜன்னல்களை அடைத்தாள். தினமும் போர்வைகளைத் துவைத்தாள். வெளியே மழை, அதனால் அறைக்குள் குறுக்கே கயிறு கட்டிக் காயப்போட்டாள். உள்ளே நுழைந்தால் பினாயில் வாடை மூக்கைத் துளைக்கும், ஈரப்போர்வை முகத்தில் அறையும்.

இழுப்பு நிற்கவில்லை. வாரத்துக்கு ஒன்றாக இருந்தது, மூன்று நாளைக்கு ஒன்றானது. அண்ணி நாலாவது தடவையும் துடைக்க ஆரம்பித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மிளகுக்குப் பாவாடை அளவு எடுக்கப் போயிருந்தேன். தரை பளபளவென்று நனைந்து கிடந்தது. குழந்தை கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். இறங்க அனுமதி இல்லை.

"அத்தை, நான் தீவுல இருக்கேன். நீ கப்பல்ல வா," என்றாள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலில் தத்தித் தத்திப் போனேன். அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. முதலில் விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு தோள் இரண்டும் காதுவரை ஏறியதையும், கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்ததையும் பார்த்தேன். அந்தச் சத்தம் வந்தது.

"அண்ணி!"

அண்ணி இன்ஹேலரை நீளக் குழாயில் மாட்டி முகத்தில் வைத்தாள். ஒன்று, இரண்டு, நாலு தடவை அழுத்தினாள். குழந்தையின் உதட்டில் இருந்த சிவப்பு போய், மை தொட்டது போல ஆனது. அவள் அழவில்லை. அழுவதற்கும் மூச்சு வேண்டுமே. எங்களை மாறி மாறிப் பார்த்தாள், 'ஏதாவது பண்ணுங்க' என்று. அந்தப் பார்வையை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். உள்ளறையில் இருந்த அண்ணன் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தான். வழியெல்லாம் அண்ணி, "விடும்மா, மெதுவா விடும்மா," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குச் சாமி பெயர்கூட ஞாபகம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து உதடு பழைய நிறத்துக்கு வந்தது. அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல ஒரு துளி தூசி இல்ல," என்றாள். "அப்ப வேற யாரு? நான்தான். தியேட்டர்ல இருந்து ஏதோ என்மேல ஒட்டிக்கிட்டு வருது. நான்தான் என் புள்ளைக்குக் கொண்டு வந்து குடுக்கறேன்."

"பைத்தியமா அண்ணி உங்களுக்கு?"

"எத்தனை ரத்தம், எத்தனை சீழ் தொட்ட கை தெரியுமா இது? நீ அவளைக் கொஞ்ச நாள் வச்சுக்கோ. நான் கிட்ட வரல."

நான் சண்டை போட்டேன். அண்ணனைப் பார்த்து, "நீயாவது வாயைத் திறயேன்!" என்று கத்தினேன். அவன் சுவரைப் பார்த்தான். அன்றைக்குச் சாயங்காலம் மிளகு தன் பள்ளிக்கூடப் பையோடும் இன்ஹேலரோடும் என் கோழிப்பண்ணைக்கு வந்து சேர்ந்தாள்.

முதல் இரண்டு நாள் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரிந்தேன். குழந்தை தும்மினால் விரலில் ஊசியைக் குத்திக்கொண்டேன். டாக்டர் சொன்ன மருந்தைக் காலையும் மாலையும் கடிகாரம் பார்த்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள், நான்காம் நாள், சத்தம் வரவில்லை. நூலிலும் பிசிறிலும் புரண்டாள், மொட்டைமாடியில் ஓடினாள், மாடிப்படி ஏறி இறங்கினாள். ஒரு வாரம் ஆனது. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டால் சுத்தமான மூச்சு.

போனில் அண்ணியிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"உன் குப்பையில நல்லா இருக்கா," என்றாள். "அப்ப நான்தான்னு ஆயிடுச்சு."

தினமும் வேலை முடிந்து, குளித்து, துவைத்த புடவை கட்டிக்கொண்டு என் வீட்டு எதிர்ப்பக்கம் வந்து நிற்பாள். தெருவைத் தாண்ட மாட்டாள். மிளகு மாடிச் சுவரில் எக்கிக் கையாட்டுவாள். அண்ணி தலையாட்டிவிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். காய்கறி வாங்க வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். நாத்தனார் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள் என்று கதை கிளம்பியது அப்போதுதான்.

"அம்மாவுக்கு என்மேல கோபமா அத்தை?" என்று கேட்டாள் மிளகு.

"இல்லடி."

"பின்ன ஏன் தொட மாட்டேங்கறா?"

மெஷினை ஓடவிட்டுக் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

எனக்கு இன்னொரு பயமும் பிடித்துக்கொண்டது. அண்ணி வேலையை விடப்போகிறேன் என்றாள். பிறகு வேலையை விட்டால் போதுமா, பதினோரு வருஷம் உள்ளே ஊறியது போகுமா என்றாள். பிறகு, "அவ உன்கிட்டயே வளரட்டும்," என்றாள். அதை அழாமல் சொன்னாள். ஊருக்கு டிக்கெட் வாங்கினவள் மாதிரி அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். வீட்டில் மட்டும் துடைப்பது நிற்கவில்லை. பிள்ளை இல்லாத வீட்டை ஐந்து தடவை துடைத்தாள்.

பதின்மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் மிளகின் தடுப்பூசி அட்டையைக் கேட்டார்கள். எடுக்கப் போனேன். அண்ணி வேலையில் இருந்தாள், அண்ணனுக்கு அன்று விடுமுறை. பீரோ மேல் இருக்கும் கோப்பில்தான் அட்டை இருந்தது என்றான். கோப்பு சரிந்து பீரோவுக்குப் பின்னால் விழுந்திருந்தது. இரும்பு பீரோ. அவர்கள் குடிவந்த நாளில் சுவரோடு ஒட்டி வைத்தது, அதற்குப் பிறகு அசைந்ததே இல்லை. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்து ஒரு மூலையை இழுத்தோம்.

முதலில் வாடை வந்தது. அடைத்து வைத்த ஈரச்சாக்கு வாடை. அண்ணன் போனில் வெளிச்சம் போட்டுக் காட்டினான்.

சுவர் இல்லை அங்கே. கறுப்புதான் இருந்தது. தரையிலிருந்து என் கழுத்து உயரத்துக்கு, பீரோவை அளவெடுத்துத் தைத்த மாதிரி, வெல்வெட்டுத் துணி போலக் கறுப்புப் பூஞ்சை. நடுநடுவே சாம்பலும் பச்சையும். கீழே இருந்த அட்டைப்பெட்டி தொட்டதும் கூழாகக் கையோடு வந்தது. பீரோவின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. அப்போதுதான் கவனித்தேன், அந்த அறையின் தரை அந்த மூலைக்குத்தான் சரிகிறது. அண்ணியின் மாப்பு பீரோவுக்கு அடியில் போகாது. அவள் ஊற்றிய தண்ணீர் போயிருக்கிறது, ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை.

பீரோவை ஒட்டித்தான் கட்டில். தலைமாட்டில் மிளகின் தலையணை. சுவருக்கும் அதற்கும் இரண்டு முழம் இருந்தால் அதிகம்.

"இதுக்குப் பக்கத்துலயா தூங்கினா?" என்றான் அண்ணன். அவன் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். ஒவ்வொரு இரவும் அந்தக் குழந்தை இதை இழுத்து இழுத்து உள்ளே விட்டிருக்கிறாள், நாங்கள் ஜன்னலை வேறு சாத்திக் கொடுத்திருக்கிறோம்.

அண்ணி வேலை முடிந்து வந்தாள். சுவரைப் பார்த்தாள். நேராகக் குளியலறைக்குப் போய், இரண்டு வாளியையும் நிறைத்து, பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஊத்தாதீங்க அண்ணி!"

"வழி விடு."

"தண்ணி ஊத்தி ஊத்தித்தான் இது வளர்ந்திருக்கு. மறுபடியும் ஊத்தப் போறீங்களா?"

"எனக்குச் சுத்தம் சொல்லிக் குடுக்கறியா நீ? நீயா?"

வாளியின் கைப்பிடியை ஒரு பக்கம் நான் பிடித்தேன், ஒரு பக்கம் அவள் பிடித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளைக் கையால் தள்ளினேன். வாளி கவிழ்ந்தது. தண்ணீர் தரையில் ஓடி, எங்கள் கண்முன்னாலேயே, ஒரு துளி பாக்கி இல்லாமல் அந்தக் கறுப்பு மூலையை நோக்கிப் போனது. மூன்று பேரும் பார்த்தோம்.

அண்ணி ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "தியேட்டர்ல இப்படித்தானே துடைக்கறேன்," என்றாள். "அங்க அரை மணி நேரத்துல காகிதம் மாதிரி காஞ்சிடுதே. நான் ஒழுங்கா துடைச்சா காயும்ல?"

"அங்க எப்படிக் காயுது?" என்று கேட்டான் அண்ணன்.

பதினோரு வருஷத்தில் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

மறுநாள் தியேட்டர் ஏசியைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கிடம் கேட்டிருக்கிறாள். அவர் அவளைக் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சாக்கடைக்குள் நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது.

"இது எங்க இருந்து வருது தெரியுமாக்கா? உள்ள காத்துல இருக்கற ஈரம். நீங்க துடைக்கற தண்ணியும் இதுலதான் வருது. மெஷினை ஒரு நாள் நிறுத்திப் பாருங்க, உங்க தியேட்டர் சுவருலயும் பூஞ்சை புடிச்சுடும்."

அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு டீ நேரம் முழுக்க நின்றதாக என்னிடம் சொன்னாள். "நான் துடைச்சதை இத்தனை வருஷமா வேற ஒண்ணு காய வச்சுக்கிட்டு இருந்திருக்குடி. எனக்கு யாரும் சொல்லல. வீட்டுல அதைக் காய வைக்க எம்பொண்ணு நெஞ்சுதான் இருந்துச்சா?" என்று கேட்டு அப்போதுதான் அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன். அவள் அழுதது எனக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

டாக்டரிடம் மறுபடி போனோம். இந்தத் தடவை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, வெளியே நாற்பது பேர் என்ன, நானூறு பேர் இருந்தாலும் சரி என்று. பூஞ்சையும், ஈரமெத்தையில் பெருகுகிற கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் இந்த மாதிரிக் குழந்தைக்கு ஆகவே ஆகாது என்றார். மருந்து வாடையும் மூச்சுக்குழாயைச் சீண்டும் என்றார். ஆஸ்பத்திரிக் கிருமியை நீங்கள் தூக்கிவந்து இழுப்பு வரவில்லை என்று அண்ணியைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார். அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளை இல்லாத வீட்டில் வேலை நடந்தது. ஜன்னல்களைத் திறந்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துக் கெட்டியாகப் பிழிந்த துணியால் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து, துணிகளைப் பையில் கட்டி எறிந்தோம். அட்டைப்பெட்டிகளும் அந்தத் தலையணையும் போயின. மின்விசிறியை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்து நாள் முழுக்க ஓடவிட்டோம். வெயில் தலைகாட்டிய ஒவ்வொரு மதியமும் மெத்தை என் மொட்டைமாடிக்கு ஏறியது. வீட்டுக்காரர் வந்து மூலையைக் கொத்திப் பூசிக்கொடுத்தார். பீரோ சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வந்தது. போர்வைகள் இனி என் மாடிக் கயிற்றில்தான்.

எல்லாவற்றிலும் கஷ்டம், அண்ணி துடைக்காமல் இருந்ததுதான். இரண்டு வாளியையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒரு துணி மட்டும் அவளுக்கு. நனைத்து, சொட்டு விழாமல் பிழிந்து, ஒரு நாளைக்கு ஒரு தடவை. துடைத்த இடத்தில் விரலை வைத்துப் பார்ப்பாள். ஈரம் இல்லை என்றதும் முகம் வெளிறும். "இது சுத்தம்தானா?" என்று என்னைக் கேட்பாள். கோழிப்பண்ணைக்காரியைக் கேட்பாள்.

இருபதாம் நாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் அரை நாள்தான். மிளகைச் சாயங்காலம் கூட்டிவரச் சொல்லியிருந்தாள், தான் வந்து குளித்து முடித்த பிறகு. எனக்குப் பொறுமை ஏது? மதியமே கூட்டிக்கொண்டு போய்விட்டேன். நாங்கள் நுழையவும் அண்ணி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றவும் சரியாக இருந்தது. ஆஸ்பத்திரிச் சீருடையில் இருந்தாள். அண்ணனும் அன்று வீட்டில் இருந்தான்.

"அம்மா!"

"வராதே! நான் குளிக்கல, கிட்ட வராதே!" என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சுவர்வரை பின்னால் போனாள்.

மிளகு கேட்கிற ஜாதியா? ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அந்தச் சீருடையில் முகத்தைப் புதைத்தாள். இருபது நாள் பாக்கியையும் சேர்த்து, வேண்டுமென்றே, நீளமாக மூச்சை உள்ளே இழுத்தாள்.

நாங்கள் யாரும் அசையவில்லை. அண்ணன் இன்ஹேலரைக் கையில் எடுத்துவிட்டான். மின்விசிறி சுற்றுவது கேட்டது, தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. அந்தக் 'கீ' எப்போது வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். குழந்தை மூச்சை விட்டாள். ஒன்றும் இல்லை.

"இன்னொரு தடவை," என்றாள் அண்ணி. கை இன்னும் மேலேதான் இருந்தது.

மறுபடி இழுத்தாள், விட்டாள்.

"இன்னொரு தடவைடி கண்ணு."

"எத்தனை தடவைம்மா? உன்மேல ஒரே மருந்து வாடை," என்றாள் மிளகு, முகத்தை எடுக்காமலேயே.

அண்ணி அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கையைக் கீழே இறக்கி, உள்ளங்கை முழுக்கப் படும்படி மகளின் முதுகில் வைத்தாள்.